தரங்கம்பாடியில் ஒலித்த ஞானப்பாட்டு

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் சிங்கப்பூரில் ஹாண்டெலின் 'மெசாயா' ஒலிக்கத் தொடங்கும். அது வெள்ளைக்காரர் சங்கீதம், நமக்கென்ன என்று தஞ்சோங் பகார்ப் பக்கத்துத் தமிழர் ஒதுங்கிவிடலாகாது.

ஹாண்டெல் 1685-ல் பிறந்தது ஜெர்மனியின் ஹாலே நகரில். அந்த ஹாலேயிலே கல்வி பயின்ற சீகன்பால்கு, 1706 ஜூலை 9-ந் தேதி தஞ்சைக் கடற்கரையின் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். லூதர் காட்டிய வழி, ஜனங்கள் தங்கள் தாய்மொழியிலேயே பாடித் தொழுவது. ஆகவே அவரும் அவருக்குப் பின் வந்தோரும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளை மெட்டு மாறாமலே தமிழாக்கினர். பாக் தம் கிறிஸ்து பிறப்பு இசைநாடகத்தை லைப்சிக் நகரில் அரங்கேற்றியது 1734-ல்தான். அதில் அவர் கோத்த பழைய ஞானப்பாட்டுகளின் இனத்தைச் சேர்ந்தவை அதற்கு முன்னரே நம்மவர் நாவில் ஏறிவிட்டன. (அந்த நாடகத்தின் பல பாட்டுகள் முதலில் அரச குடும்பத்தாரைப் புகழ எழுதப்பட்டவை. புலவர் பிழைப்பு எங்கும் ஒன்றே!)

'மெசாயா' 1742 ஏப்ரலில் டப்ளின் நகரில் முதன்முதல் பாடப்பட்டது. அப்போது கிடைத்த பணத்தின் ஒரு பங்கால் கடனுக்காகச் சிறையிலிருந்த 142 பேர் விடுதலை பெற்றனர். பக்திச் சங்கீதத்துக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்?

நம் நாட்டில் நடந்தது வேறு. தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற வேதநாயகம் சாஸ்திரியார் பெருங்கவிஞர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். 1820-களில் புதிதாய் வந்த பாதிரிமார் தமிழ்க் கீர்த்தனைகளையும் வாத்தியங்களையும் கோயிலிலிருந்து விலக்க முற்பட்டபோது அவர் வெகுண்டெழுந்தார். தமிழிசைக்காக வாதாடிய அவரை நாம் போற்றுகிறோம். ஆனால் அதே மூச்சில், தாழ்த்தப்பட்டோருடன் ஒன்றாக அமர்ந்து நற்கருணை பெறச் சொல்வது கொடுமை என்றும் அவர் முறையிட்டார். நியாயம் இரு பக்கமும் பாதி பாதியாய்க் கிடந்தது: பாதிரிமார் ஜாதியை ஒழிக்க வந்து தமிழிசையையும் சேர்த்து விரட்டினர், கவிஞர் தமிழிசையைக் காக்க எழுந்து ஜாதியையும் சேர்த்துக் காத்தார். இந்த முடிச்சை அவிழ்க்காமல் அவரை வெறும் இசைவீரராகக் கொண்டாடுவோர் வரலாற்றைப் பாதி மறைப்பவராவர்.

சாஸ்திரியார் 1864-ல் மறைந்தார். தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கம்பெனி தோன்றியதும் அவ்வாண்டே. அவருடைய கீர்த்தனைகள் தமிழ்க் கோயில்களில் இன்றும் பாடப்படுகின்றன. எவரைத் தள்ளி உட்காரவைக்க அவர் விரும்பினாரோ, அவர்களுடைய சந்ததியாரும் அவற்றைப் பாடுகின்றனர்.