முதுகுக்குப் பின்னால் பெட்ரோல்

1960-களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு செவ்ரோலெட் பிக்கப் வண்டியில் ஏறி உட்காருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தட்டு. நாம் சாய்ந்திருக்கும் இருக்கைக்கும் அறையின் பின்சுவருக்கும் இடையே தகரத்தாலான ஒரு தொட்டி நிமிர்ந்து நிற்கும். அதில் ஏறத்தாழ 75 லிட்டர் பெட்ரோல். வண்டி வளைவில் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் அது தளும்பும் ஓசைகூடக் கேட்கும். பெட்ரோல் ஊற்றும் மூடி, கதவுக்குச் சற்றுப் பின்னால் அறையின் பக்கச் சுவரில் இருக்கும்.

இந்தப் பழைய வண்டிகளைத் தேடிப்பிடித்துப் புதுப்பித்து ஓட்டுபவர்கள் இன்று அமெரிக்காவில் ஏராளம். அவர்களில் பலர் செய்யும் வேலைகளுள் ஒன்று, இந்தத் தொட்டியைக் கழற்றிவிட்டுப் பின்தட்டின் அடியில் வேறொரு தொட்டியைப் பொருத்துவது. அப்படியானால், படித்த பொறியாளர்கள் ஏன் அதை மனிதன் உட்காரும் அறைக்குள் வைத்தார்கள்? இதற்கு விடை காண நூறாண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிப் போக வேண்டும்.

1908-இல் வந்த ஃபோர்டு 'மாடல் டி' வண்டியில் பெட்ரோல் பம்ப் கிடையாது. முன் இருக்கையின் அடியில் தொட்டி. அதைவிடத் தாழ்ந்த இடத்தில் எஞ்சினின் கார்புரேட்டர். மருத்துவமனையில் குளுக்கோஸ் பாட்டிலை உயரத்தில் தொங்கவிடுகிறார்களே, அதே தத்துவம்தான். புவியீர்ப்பு விசையே பெட்ரோலை இறக்கித் தந்தது. இந்த ஏற்பாட்டில் கிடைக்கும் அழுத்தம் மிகச் சிறியது. உயர வேறுபாடு 30 செ.மீ. என்று கொண்டால், பெட்ரோலின் அடர்த்தி நீரினுடையதில் முக்கால் பங்கே ஆகையால், கிடைப்பது வளிமண்டல அழுத்தத்தில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. சமதரையில் அதுவே போதும். செங்குத்தான மேட்டில் ஏறும்போதுதான் தொல்லை. வண்டியின் மூக்கு மேலே தூக்கும், எஞ்சின் உயரும், இருக்கைக்கு அடியிலுள்ள தொட்டி தாழ்ந்துவிடும். தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால் கார்புரேட்டருக்கு ஒரு சொட்டும் வராது, எஞ்சின் நின்றுவிடும். அந்தக் கால ஓட்டுநர்கள் இதற்குக் கண்ட வழி வேடிக்கையானது. வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றினார்கள்! அப்போது தொட்டி மேலே, எஞ்சின் கீழே. இயற்பியல் படிக்காதவர்களும் இயற்பியலை எவ்வளவு நன்றாகக் கையாளுகிறார்கள் என்று வகுப்பில் சொல்ல எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இது.

1925-இல் ஃபோர்டு கம்பெனி இந்த மாடல் டி-யின் பின்புறத்தில் ஒரு சிறு சாமான் தட்டைத் தானே பொருத்தி, 281 டாலருக்கு விற்றது. தொழிற்சாலையிலேயே தயாரான பிக்கப் வண்டிகளின் கதை இங்கே தொடங்குகிறது எனலாம். அடுத்து, 1927-இன் இறுதியில் வந்த 'மாடல் ஏ'-யில் தொட்டி ஓட்டுநரின் முன்னால், கண்ணாடிக்குக் கீழே இடம்பிடித்தது. எஞ்சினுக்கு அருகிலும் உயரத்திலும் இருந்ததால் மேட்டில் ஏறும் தொல்லை தீர்ந்தது. ஆனால் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே பெட்ரோல்! நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தொட்டிக்கு விடுதலை தந்தது பம்ப். எஞ்சினே இயக்கும், சவ்வு பொருத்திய சிறு பம்புகள் 1920-களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தன. அவை தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இனி தொட்டி எஞ்சினைவிட உயரத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1932-இன் ஃபோர்டு கார்களில் தொட்டி வண்டியின் பின்கோடிக்குப் போய்விட்டது.

கார்களில் இப்படிப் பின்னால் போன தொட்டி, பிக்கப் வண்டிகளில் மட்டும் ஏன் மீண்டும் அறைக்குள் வந்தது? பின்தட்டின் அடியில் இடத்துக்குப் போட்டி. பின் அச்சு, அதைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகள், எஞ்சினிலிருந்து அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டு, ஸ்டெப்னி சக்கரம், எல்லாம் அங்கேதான். மேலும், ஒரே ஓட்டுநர் அறையைப் பல நீளமுள்ள சேசிஸ்களின் மேல் ஏற்றி விற்பது கம்பெனிகளின் வழக்கம். தொட்டியை அறைக்குள் வைத்துவிட்டால், பின்னால் எந்தத் தட்டு வந்தாலும் கவலையில்லை. கல்லும் சேறும் அடிக்காது. செவ்ரோலெட் 1949-இலும், ஃபோர்டு 1950-களின் நடுவிலும் இந்த ஏற்பாட்டுக்கு வந்தன. இதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். மோதலில் எளிதில் நசுங்காத இடம் அது என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. அந்த வாதத்தில் நியாயமும் உண்டு.

ஆனால் நசுங்குவது ஒன்றே ஆபத்தன்று, கசிவும் ஆபத்துதான். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழுந்து போய்விடாது, தரையோடு தங்கும். காற்றில் அது ஏறத்தாழ 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றத் தயார். ஓட்டுநர் அறையின் கொள்ளளவு 2,500 லிட்டர் என்று கொள்வோம். அதில் 1.4 சதவீதம் 35 லிட்டர் ஆவி. இவ்வளவு ஆவியைத் தர எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? கணக்கிட்டால் சுமார் 200 மில்லிலிட்டர், அதாவது ஒரு டம்ளர்! கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே ஒருவர் சிகரெட் பற்றவைக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். குழாய் இணைப்புகளிலுள்ள ரப்பர் நாற்பது ஐம்பது ஆண்டுகளில் வெடித்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், பழைய வண்டிக்காரர்களின் அச்சம் புரியும்.

அமெரிக்க அரசு 1968-இல் கார்களின் எரிபொருள் அமைப்புக்கு '301' என்ற எண்ணுள்ள பாதுகாப்பு விதியைக் கொண்டுவந்தது. 1970-களின் பிற்பகுதியில் அது சிறு லாரிகளுக்கும் விரிந்தது. அதற்கு முன்பே, 1973 மாடல்களில், இரு பெரிய கம்பெனிகளும் தொட்டியை அறையிலிருந்து வெளியேற்றிவிட்டன. ஃபோர்டு அதைத் தட்டின் அடிக்குக் கொண்டுபோயிற்று. செவ்ரோலெட்டை உடைமையாகக் கொண்ட ஜெனரல் மோட்டார்ஸ் வேறு இடத்தைத் தேர்ந்தது: சேசிஸின் நீண்ட இரும்புச் சட்டங்களுக்கு வெளியே, வண்டியின் விலாப்புறம். ஒரு பக்கம் ஒன்று, விரும்பினால் மறுபக்கம் இன்னொன்று. நிறைய பெட்ரோல் பிடிக்கும். நீண்ட பயணத்துக்கு வசதி. ஆனால் பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால், தொட்டிக்கும் மோதும் வண்டிக்கும் இடையே மெல்லிய உடல் தகடு மட்டுமே. கனத்த இரும்புச் சட்டம் தொட்டிக்கு உள்பக்கத்தில் இருந்தது; கேடயத்தை முதுகில் கட்டிக்கொண்டு போருக்குப் போவதுபோல.

1987 வரை இந்த அமைப்பில் ஏறத்தாழ ஒரு கோடி வண்டிகள் சாலைக்கு வந்தன. 1989-இல் ஜார்ஜியா மாநிலத்தில் இத்தகைய வண்டியில் சென்ற 17 வயது இளைஞன் பக்க மோதலில் தீக்கிரையானான். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1993 பிப்ரவரியில் ஜூரிகள் 10 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தனர். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு தள்ளப்பட்டது. 1993-இல் அரசின் பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தானாகவே திரும்பப்பெறும்படி கம்பெனியைக் கேட்டது. கம்பெனி மறுத்தது, தன் வண்டிகள் 301 விதிக்கு உட்பட்டவையே என்றது. 1994 அக்டோபரில் போக்குவரத்து அமைச்சர் பெடரிகோ பெனா வண்டிகளில் குறைபாடு உண்டு என அறிவித்தார். டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. பாதுகாப்புப் பணிகளுக்காகக் கம்பெனி 5 கோடியே 10 லட்சம் டாலர் தந்தது. வண்டிகள் திரும்பப் பெறப்படவில்லை. 1988-இல் வந்த புதிய மாடலிலோ தொட்டி சட்டங்களுக்கு உள்ளே வந்துவிட்டது.

இக்கதையில் ஒரு கிளைக்கதையும் உண்டு. 1992 நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சி இந்த வண்டியை மோதவிட்டுத் தீப்பற்றுவதைக் காட்டியது. தீ நிச்சயம் பிடிக்க வேண்டும் என்று வண்டியின் அடியில் சிறு பற்றவைப்பான்களைக் கட்டியிருந்தது பின்னர் வெளிப்பட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆய்வகத்தில் விடையை முதலில் எழுதிவிட்டு அளவீடுகளைப் பிறகு நிரப்பும் மாணவர்களை எனக்குத் தெரியும். அங்கே போவது இரண்டு மதிப்பெண்; இங்கே போனது, உண்மையாக எரிந்துபோனவர்களுக்கான வழக்கின் மதிப்பு.

இனி, பழைய வண்டிக்காரர்கள் தேர்ந்துகொள்ளும் இடத்தைப் பார்ப்போம். பின் அச்சுக்குப் பின்னால், ஸ்டெப்னி தொங்கிய இடத்தில், இரு இரும்புச் சட்டங்களுக்கு நடுவே. 1960-களின் ஃபோர்டு முஸ்டாங் காரின் தட்டையான தொட்டியோ, செவ்ரோலெட் பிளேசர் வண்டியின் தொட்டியோ அங்கே பொருந்துகிறது. இதுவும் ஆபத்தற்ற இடமன்று. ஃபோர்டு பின்டோ என்ற சிறிய காரில் தொட்டி அச்சுக்குப் பின்னால்தான் இருந்தது. பின்னாலிருந்து மோதப்பட்ட கார்கள் எரிந்ததால் 1978-இல் அவை திரும்பப் பெறப்பட்டன. பிக்கப் வண்டியில் இருபுறமும் கனத்த சட்டம் இருப்பது ஒரு பாதுகாப்பு. ஆயினும், பின்கோடிக்கும் தொட்டிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விட முடியுமோ அவ்வளவும் விடுவதே அறிவு.

எடையும் இடம் மாறுகிறது. 75 லிட்டர் பெட்ரோல் சுமார் 55 கிலோ. இரு அச்சுகளுக்கும் இடையே 2.9 மீட்டர் என்று கொள்வோம். தொட்டி பின் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் இருந்தபோது அதன் எடையில் 36 கிலோ பின் சக்கரங்களிலும் 19 கிலோ முன் சக்கரங்களிலும் இறங்கியது. அச்சுக்கு 0.7 மீட்டர் பின்னால் போனதும் பின் சக்கரங்களில் 68 கிலோ! முன் சக்கரங்களின் சுமையிலிருந்து 13 கிலோ குறைகிறது. ஏற்றமரத்தின் கணக்கேதான். காலியான பிக்கப் வண்டியில் பின்புறம் எடையின்றித் துள்ளும் என்பதால் இந்த மாற்றம் நல்லதே.

சில சிறு விஷயங்களில்தான் பலர் தவறுகிறார்கள். தொட்டிக்குள் காற்று நுழைய வழி வேண்டும். இல்லாவிடில், மேல்முனையை விரலால் மூடிய உறிஞ்சுகுழலில் நீர் நின்றுவிடுவதுபோல் பெட்ரோலும் நின்றுவிடும். குழாய் புகைப்போக்கியின் அருகே போகக்கூடாது. பம்ப் உறிஞ்சும் பகுதியில் அழுத்தம் குறைவு. குறைந்த அழுத்தத்தில் திரவம் எளிதில் கொதிக்கும். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டால் பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கும். மின்பம்பைத் தொட்டிக்கு அருகே வைத்துத் தள்ளச் செய்வது இதனால்தான்.

பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளும் ஏமாற்றும். 1965-க்குப் பிந்தைய செவ்ரோலெட்டில் காலித் தொட்டிக்கு மின்தடை 0 ஓம், நிறைந்ததற்கு 90 ஓம். ஃபோர்டில் இது தலைகீழ்: காலிக்கு 73, நிறைந்ததற்கு 10. முஸ்டாங் தொட்டியை அதன் உணர்கருவியோடு செவ்ரோலெட்டில் மாட்டினால், பெட்ரோல் தீர்ந்து வண்டி நடுவழியில் நிற்கும்போதும் முள் முக்கால் தொட்டிக்குக் குறையாமல் காட்டிக்கொண்டிருக்கும்.

தொட்டி போன பிறகு அறைக்குள் இருக்கையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ள இடம் கிடைக்கிறது. கருவிகள் வைக்கவும் ஆகிறது. பக்கச் சுவரிலுள்ள பழைய மூடியை மட்டும் சிலர் கழற்றுவதில்லை. அதைத் திறந்தால் உள்ளே குழாய் இல்லை.