மூன்றாண்டு முடிவு: வருவாய் அலுவலகத்தில் தாளின் பயணம்

அரசு அலுவலகக் கடிதங்களின் தலைப்பில் 'ந.க. எண்' என்றும் 'மூ.மு. எண்' என்றும் போட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், யாரும் வாசிப்பதில்லை. முதலாவது, நடப்பில் இருக்கும் தாள். இரண்டாவது, முடித்துக்கட்டப்பட்டு மூன்றாண்டுகள் மட்டும் வைத்திருக்கப்படும் தாள். ஒருவருடைய முறையீடு எத்தனை காலம் நினைவில் இருக்கலாம் என்பதை அந்த இரண்டெழுத்து தீர்மானித்துவிடுகிறது. என் அத்தையின் முறையீடு அப்படித்தான் தீர்மானிக்கப்பட்டது.

மதுரைச் சீமை கம்பெனியின் கைக்கு முழுதாக வந்தது 1801இல். ரயத்துவாரி வேரூன்றியதும் புலம், பரப்பு, தீர்வை, பெயர் என்று ஒவ்வொரு வயலும் ஒரு வரியாயிற்று. இந்திய ஆட்சி முழுவதும் எழுத்திலேயே நடப்பதை அதன் சிறப்பாக, கம்பெனி ஊழியரான ஜான் ஸ்டூவர்ட் மில் 1852இல் பிரபுக்கள் சபைக் குழுவின் முன் எடுத்துரைத்தார். அந்த எழுத்து சென்னை மாகாணக் கச்சேரிகளில் எப்படி அதிகாரமாகத் திரண்டது என்பதை பவானி ராமன் தமது 2012ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

எழுத்து பெருகியபோது அதை நகர்த்த ஒரு முறைமை தேவைப்பட்டது. சென்னை மாகாண வருவாய் அலுவலகங்களில் அது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயரால் 'டாட்டன்ஹாம் முறை' என்று நிலைபெற்றது. தபால் வந்தால் தேதி முத்திரை. பிறகு பகிர்மானப் பதிவேட்டில் ஓர் எண். அது எந்தப் பிரிவு எழுத்தருக்குப் போகிறதோ அவருடைய 'தன் பதிவேட்டில்' ஒரு பதிவு. வந்த கடிதங்கள் ஒரு கோப்பு, அவற்றின்மீது எழுத்தரும் மேலதிகாரியும் எழுதும் குறிப்புகள் இன்னொரு கோப்பு. பதில் வராவிட்டால் நினைவூட்டு. கடைசியில் முடிவு: ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். பயணத்தை யாரும் முழுதாக அறிய வேண்டியதில்லை. முந்தைய மேசையும் அடுத்த மேசையும் தெரிந்தால் போதும். மென்பொருள்காரர்கள் இன்று 'ஒர்க்ஃப்ளோ' என்று விற்பதை, பணியோட்டத்தை, மின்சாரம் இல்லாமலே ஓட்டிய எந்திரம் இது.

ஃபூக்கோவை வாசித்தவர்கள் உடனே 'கண்காணிப்பு' என்பார்கள். நானும் அப்படி எழுதித் தள்ளியவன்தான். ஆனால் தன் பதிவேடு கண்காணிப்பது யாரை? எழுத்தரை. தாள் எத்தனை நாள் அவரிடம் தங்கியது என்பதுதான் அதன் கேள்வி. மனு கொடுத்தவர் அதில் 'யாரிடமிருந்து' என்னும் கட்டத்துக்குள் ஒரு பெயர், அவ்வளவே. அவருடைய காத்திருப்புக்கு அதில் கட்டம் கிடையாது.

இந்த எந்திரத்துக்கு வெளியே, அதற்குத் தீனி போட்டபடி இருந்தவர் கர்ணம், எங்கள் பக்கத்துப் பேச்சில் கணக்குப்பிள்ளை. ஊரில் யார் யாருக்கு மகள், எந்த வயலில் யார் ஏர் ஓட்டுகிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு தாளை நிறுத்த அவரால் முடியும்; யாருக்காக நிறுத்துவார் என்பதைச் சாதியும் வேண்டப்பட்டவர்களும் தீர்மானித்தார்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றது. நல்ல காரியம்தான். கர்ணத்துக்காக நான் கண்ணீர் விடவில்லை.

அதே சமயத்தில், 1979 முதல் 1987 வரை, யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் திட்டம் தமிழகம் எங்கும் நடந்தது. என் தாத்தா 1974இல் உயில் எழுதாமல் இறந்தவர். வயல் அவருடைய சுயசம்பாத்தியம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகன்களுக்கும் சமபங்கு. யு.டி.ஆரில் ஏறியதோ பெரியப்பா பெயரும் அப்பா பெயரும் மட்டும். யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் பொய்க் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு மேசையும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. "கட்டிக்கொடுத்த பொண்ணு ஒருத்தி இருக்கா" என்று சொல்ல அந்த வரிசையில் ஆள் இல்லை, கேட்க ஒரு கட்டமும் இல்லை. அந்த வயலின் நெல்லில்தான் நான் எம்.ஏ. தமிழ் படித்தேன்.

1987 ஜமாபந்தியில் அத்தை மனு கொடுத்தாள். அதற்கு எண் விழுந்தது. பிறகு மூன்றாண்டு முடிவாக மூடப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நான் கேட்டபோது, பாதுகாப்புக் காலம் முடிந்து கோப்பு அழிக்கப்பட்டுவிட்டதாகப் பதில் வந்தது. விதிப்படி அதுவும் சரியே. பிழையான பதிவு நிரந்தரம்; அதை எதிர்த்த குரலுக்கு ஆயுள் மூன்றாண்டு. மறதியையும் சேர்த்தே அந்தப் பணியோட்டம் வடிவமைக்கப்பட்டிருந்தது.

இப்போது 'தமிழ்நிலம்' மென்பொருள். பத்திரம் பதிவானதுமே பட்டா மாறுதல் மனு வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தானாகப் போய்விடுகிறது. மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கைபேசியில் பார்க்கலாம். படியேறிப் படியேறிக் கால் தேய்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் கணினிக்குள் ஏறியது பழைய பதிவேட்டின் வரிதான். அத்தைக்காக இ-சேவை மையத்தில் மனு போட்டோம். ஆவணங்கள் போதவில்லை என்று ஒற்றை வரியில் நிராகரிப்பு வந்தது. பழைய குறிப்புக் கோப்பில் ஒரு எழுத்தராவது 'ஆயினும்' என்று தொடங்கி ஒரு பத்தி எழுதியிருக்கலாம். மேலதிகாரி அதை மறுத்திருக்கலாம். மறுத்ததற்குத் தடயமாவது மிஞ்சியிருக்கும்.

பணியோட்டம் வடிவமைப்பவர்கள் கேட்கும் கேள்வி 'எவ்வளவு வேகம்?' என்பது. வரலாறு கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: தாளை நிறுத்தும் உரிமை யாருக்கு? கர்ணத்துக்கு இருந்தது, அதைக் கெடுத்தார். எழுத்தருக்கு இருந்தது, விலை வைத்தவர்களும் உண்டு. இருவரிடமிருந்தும் பிடுங்கியதை மனுதாரரிடம் யாரும் கொடுக்கவில்லை. பட்டா மாறும் முன் எல்லா வாரிசுகளுக்கும், கட்டிக்கொடுத்த பெண்கள் உட்பட, அறிவிப்புப் போய் அவர்கள் 'நில்' என்றால் தாள் நிற்க வேண்டும். அந்த ஆட்சேபம் பட்டா இருக்கும்வரை அதனோடே இருக்க வேண்டும். சில கட்டங்களைக் கூடுதலாகச் சேர்க்கும் வேலைதான். சேர்ப்பதா என்பது தொழில்நுட்பம் பற்றிய கேள்வி அல்ல.

பட்டா உரிமைமூலம் ஆகாது என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். வங்கிக்கும் உழவர் உதவித்தொகைக்கும் அதைத்தானே கேட்கிறார்கள். நான் கையெழுத்துப் போடத் தயார். பெரியப்பா மக்கள் தயாரில்லை. அப்பா இப்போது இல்லை. எனவே அத்தை மதுரையில் பாகப்பிரிவினை வழக்குப் போடப் போகிறாள். "உன் பேரையும் சேத்துத்தான் போடணுமாம்டா, வக்கீல் சொல்றாரு" என்றாள், ஏதோ தப்புச் செய்தவள்போல. பிரதிவாதிகளில் மூன்றாவது பெயர் என்னுடையது.