தரமிடப்பட்ட இலங்கை வெள்ளி நாணயங்கள்

பிரித்தானியர் கால இலங்கையின் 10, 25, 50 சத நாணயங்கள் 1892 முதல் 80 விழுக்காடு வெள்ளியில் அச்சாயின. 1919இல் வெள்ளியின் பங்கு 55 விழுக்காடாகக் குறைந்தது. 1957இல் புத்த ஜயந்தி நினைவாக வெளிவந்த ஐந்து ரூபாய் நாணயம் 92.5 விழுக்காடு வெள்ளி. எடை ஏறத்தாழ 28.3 கிராம். சேகரிப்பாளர்கள் நாடும் அமெரிக்க நிறுவனங்களான பிசிஜிஎஸ் (1986 முதல்), என்ஜிசி (1987 முதல்) ஆகியவை நாணயத்தை ஆராய்ந்து, 1 முதல் 70 வரை தரமிட்டு, ஒளிபுகும் பிளாஸ்டிக் பேழையில் முத்திரையிட்டுத் தருகின்றன. புழக்கத்தில் தேயாதவற்றின் தரம் 60இலிருந்து தொடங்கும்.

மட்டக்களப்பு வாவிக்கரை போன்ற ஈரக்காற்றுள்ள இடங்களில், காற்றில் கலந்த கந்தகச் சேர்மங்களால் வெள்ளி எளிதில் கறுக்கும். புளியும் சாம்பலும் இட்டு மினுக்கினால் மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் விழும். அத்தகைய நாணயத்துக்குப் பொதுவாக எண் தரம் கிடைக்காது. துலக்கப்பட்டது என்ற குறிப்பே பேழையில் இடம்பெறும்.