த்ரோம்ப் சுவர்

வீட்டின் தெற்குச் சுவரைத் தடிமனாக எழுப்பி, வெளிப்பக்கம் கறுப்பு பூசி, சில அங்குல இடைவெளி விட்டுக் கண்ணாடியால் மூடினால் த்ரோம்ப் சுவர் தயார். மோட்டார் இல்லை, பம்பு இல்லை. வட அரைக்கோளத்தின் குளிர்ப் பிரதேசங்களில் பனிக்கால வெயில் தெற்கே தாழ்வாக வருவதால், அது நேரே இந்தச் சுவரில்தான் விழும்.

1881-ல் இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றவர் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர். பெயரைத் தட்டிச் சென்றவரோ பிரெஞ்சுக்காரர் ஃபெலிக்ஸ் த்ரோம்ப். அவரும் கட்டடக் கலைஞர் ஜாக் மிஷெலும் 1967-ல் பிரெனே மலையிலுள்ள ஒதெய்யோவில் கட்டிய வீட்டில் 60 செ.மீ. கான்கிரீட் சுவரும் இரட்டைக் கண்ணாடியும் இருந்தன. ஆண்டு முழுவதற்கும் தேவையான வெப்பத்தில் சுமார் 70 சதவீதத்தை அந்தச் சுவரே தந்தது. மீதிக்கு ஹீட்டர் வேண்டியிருந்தது. ‘செலவே இல்லாத வெப்பம்’ என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த மீதியைப் பற்றிப் பேசுவதில்லை.

கான்கிரீட்டுக்குள் வெப்பம் மெல்லத்தான் ஊரும்: மணிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம். 8 அங்குலச் சுவரில் நண்பகலில் பட்ட வெயில், இரவு 8 மணிவாக்கில் உள்ளே எட்டிப் பார்க்கும். சாப்பாடு முடிந்து பிள்ளைகள் படுக்கப் போகும் நேரத்தில் சுவரைத் தொட்டால் வெதுவெதுவென்று இருக்கும். சூட்சுமம் இந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

பகலிலேயே சூடு வேண்டுமென்றால் சுவரின் மேலும் கீழும் துளைகள் விடுவார்கள்; கண்ணாடிக்குப் பின்னே சூடான காற்று மேல்துளை வழியே அறைக்குள் வரும். இரவில் அவற்றை மூட மறந்தால் கதை தலைகீழ்: அறையின் வெப்பக் காற்று மேல்துளை வழியே போய், கண்ணாடியோரம் சில்லிட்டு, கீழ்த்துளை வழியே திரும்பி வரும். இதைத் தடுக்க, மேல்துளையின் உட்புறம் தொங்கவிடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போதும். காற்று உள்ளே வரும்போது விலகும், திரும்பிப் போகப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும்.

மேகம் மூடிய ஊர்களில் இந்தச் சுவர் சோபிப்பதில்லை. லடாக் அதற்கு நேரெதிர். சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் குளிர் கடுமை, வானமோ தெளிவு. 1980-களில் லடாக் சூழலியல் மேம்பாட்டுக் குழு இதை அங்கே பரப்பியபோது, கான்கிரீட்டுக்குப் பதில் ஊர் மண்கல்லே உதவியது. சுவர் தரும் சூட்டால் எரிக்கும் வறட்டி குறைந்தால் சாணம் வயலுக்கு மிஞ்சும். அதற்காக அறை கதகதப்பில் மிதக்காது. ஸ்வெட்டர் போட்டே ஆக வேண்டும்.

ஒரு குறை: வெயில் வரும் திசையில் ஜன்னலுக்குரிய இடத்தைச் சுவர் பிடித்துக்கொள்கிறது. வேறு வழியும் உண்டு: லே அருகே ஃபே கிராமத்திலுள்ள செக்மோல் பள்ளி வளாகத்தில், பனிக்காலத்தில் கட்டடத்தின் தெற்கு முகப்பில் பிளாஸ்டிக் பசுமைக்குடில் கட்டுகிறார்கள். கோடை வந்ததும் கழற்றிவிடுகிறார்கள்.