மூலையில் இருக்கும் கையெழுத்து

பொருளாதார வகுப்பில் சிவகாசி பற்றிக் கேள்வி வந்தால் நாம் எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதினோம். மழை குறைவு, காற்றில் ஈரம் இல்லை. ஆகவே தீப்பெட்டி, பட்டாசு, அச்சு. ஐயாவும் மார்க் போட்டுவிடுவார். தப்பில்லைதான். ஆனால் நண்பர்களே, நம்ம பக்கத்தில் மழை பெய்யாத ஊருக்கா பஞ்சம்? அங்கெல்லாம் ஏன் அச்சகம் வரவில்லை?

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது தெரிந்த கதை. குச்சி எந்தப் பெட்டியிலும் குச்சிதான். எழுதப் படிக்கத் தெரியாதவர், "மயில் படம் போட்டது குடுங்க" என்றுதான் கேட்டார். ஆக, விற்றது படம்! லேபிள் அடிக்க வந்த லித்தோ மெஷினுக்கு வேறு வேலையும் வேண்டியிருந்தது, காலண்டர் பிறந்தது.

சரி, காலண்டருக்குச் சாமி படம்? அது வந்தது சுமார் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டியிலிருந்து. 1898-ல் பிறந்த சி. கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போனார். 1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் கம்பெனி கலைந்தது. மற்றவர்கள் மூட்டை கட்டினார்கள். இவர் அங்கேயே தங்கிப் பையன்களுக்குப் படம் சொல்லிக்கொடுத்தார். காலண்டரில் முருகனுக்குப் பின்னால் தூணும் தோட்டமும் ஆழமாக விரிகிறதே, அது நாடக சீன் எழுதிய கை. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலான சீடர்கள் அவரோடு சேர்ந்து வரைந்தார்கள். பல படங்களின் மூலையில் குரு பெயரோடு சீடர் பெயரும் இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது.

ஒரு படம் எத்தனை பேருக்குச் சோறு போட்டது என்று பாருங்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வெளியாகும். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். படத்துக்குக் கீழே காலியாக விட்ட இடத்தில் ஜவுளிக் கடை பெயரோ நகைக் கடை பெயரோ ஏறும். அப்புறம் மார்கழி வரை வெட்ட, ஒட்ட, தகரம் அடிக்க, லாரியில் ஏற்ற ஆள் ஓயாது.

என் மாமா ஒரு அச்சகத்தில் லித்தோ ஆர்ட்டிஸ்ட். மூலப் படத்தைப் பார்த்துப் பார்த்து மஞ்சளுக்கு ஒரு தட்டு, சிவப்புக்கு ஒரு தட்டு என்று தனித்தனியாகப் புள்ளி வைப்பார். எந்தப் புள்ளி எங்கே விழுந்தால் மீனாட்சிக்குப் பச்சை நிறம் வரும் என்பது அவர் கணக்கு. ஆப்செட்டும் ஸ்கேனரும் வந்ததும் அந்த வேலை போயிற்று. "கண்ணுதான் மிச்சம், அதுவும் மங்கிப்போச்சு" என்பார்.

வருஷம் முடிந்ததும் தேதியைக் கத்தரித்துவிட்டு அம்மா பிரேம் போட்ட மீனாட்சி இன்னமும் எங்கள் பூஜை அறையில் இருக்கிறாள். மூலையில் ஓவியர் கையெழுத்து இருக்கிறது. தட்டில் புள்ளி வைத்தவர் பெயருக்கு அங்கே இடம் இல்லை.