எல்லை இப்போது செக்-இன் கவுண்ட்டரில் இருக்கிறது

2024 மே மாதம், குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை. மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், நான் என்று ஐந்து பேர் பினாங்கு போவதாகத் திட்டம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம் என்று அந்நாட்டு அரசு அறிவித்திருந்தது. விசா வேண்டாம் என்றதும் என் மூளை அதோடு நின்றுவிட்டது. டிக்கெட், ஹோட்டல், அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டை எல்லாம் முடித்தாயிற்று.

சென்னை விமான நிலையத்தில் கவுண்ட்டரில் இருந்த பெண் ஐந்து பாஸ்போர்ட்டையும் வாங்கி, நான்கை ஒரு பக்கமும் ஒன்றைத் தனியாகவும் வைத்தார்.

"சார், பெரியவர் பாஸ்போர்ட்ல ஆறு மாசம் இல்ல. அஞ்சு மாசம் பதினொரு நாள்தான் இருக்கு."

"நாங்க போறதே அஞ்சு நாளைக்குத்தானேம்மா. ரிட்டர்ன் டிக்கெட் இருக்கு, பாருங்க."

"ரூல் அப்படி சார். அங்க இறக்க விடலன்னா நாங்கதான் எங்க செலவுல திருப்பிக் கூட்டிட்டு வரணும். ஃபைனும் போடுவாங்க."

வாதாடிப் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அவர் பார்த்துப் பேசியது என்னை அல்ல, திரையைத்தான். மாமா மட்டும், "நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க மாப்பிள்ளை, நான் பஸ்ஸுல ஊருக்குப் போயிடறேன்" என்றார். பயணமே அவருக்காகத்தான். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போய் வேலை பார்த்தவர். அந்த ஊரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது மாமாவின் நெடுநாள் ஆசை. ஐந்து பேருமே வீடு திரும்பினோம்.

தப்பு என்னுடையது. அதில் சந்தேகமில்லை. ஆனால் டாக்ஸியில் வரும்போது ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. மலேசியாவுக்குள் மாமா வரலாமா கூடாதா என்பதை மலேசிய அதிகாரி அல்லவா முடிவு செய்ய வேண்டும்? சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒரு விமான கம்பெனி ஊழியர் எப்போது எல்லைக் காவலர் ஆனார்? அடுத்த சில மாதங்கள் ராத்திரி நேரத்தில் இதைத்தான் தேடிப் படித்தேன். இந்தக் கட்டுரை அந்தக் குறிப்புகளின் தொகுப்பு.

முதலில் கப்பல்கள்

ஆளை ஏற்றி வந்தவனிடமே செலவை வசூலிப்பது என்ற யோசனை விமானத்தைவிடப் பழையது. 1891-ல் அமெரிக்கா கொண்டுவந்த குடிவரவுச் சட்டம், துறைமுகத்தில் நிராகரிக்கப்பட்டவரை ஏற்றி வந்த கப்பல் கம்பெனியே தன் செலவில் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்றது. 1924 சட்டம் இன்னொரு படி ஏறியது. குடியேற வருபவர் தன் ஊரில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்திலேயே விசா வாங்கிவிட வேண்டும். விசா இல்லாதவரை ஏற்றி வரும் கப்பலுக்குத் தலைக்கு 1000 டாலர் அபராதம். அன்றைய 1000 டாலர்! அதற்குப் பிறகு கப்பல் கம்பெனிக் குமாஸ்தா டிக்கெட் கிழிப்பதற்கு முன் காகிதத்தைப் பார்க்காமல் இருப்பாரா?

இந்தியர்கள் விஷயத்தில் கனடா செய்தது இதைவிடத் தந்திரமானது. இந்தியர்களும் பிரிட்டிஷ் பிரஜைகள், கனடாவும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம். நேரடியாக "இந்தியன் வராதே" என்று எழுதினால் லண்டனுக்குச் சங்கடம். அதனால் 1908-ல் ஓர் ஆணை போட்டார்கள்: தன் நாட்டிலிருந்து இடையில் எங்கும் பயணத்தை முறிக்காமல், அங்கேயே வாங்கிய நேரடி டிக்கெட்டில் வருபவரை மட்டுமே அனுமதிப்போம். இந்தியா என்ற பெயரே ஆணையில் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அப்படிப் போவதற்கு வழி கிடையாது. நேரடி டிக்கெட் விற்க வேண்டாம் என்று கப்பல் கம்பெனிகளுக்கும் சொல்லப்பட்டது. கதவைப் பூட்டவில்லை, கதவுக்கு வரும் பாதையை எடுத்துவிட்டார்கள்.

இந்த விதியைச் சோதித்துப் பார்த்ததுதான் கோமகட்டா மாரு. குர்தித் சிங் வாடகைக்கு எடுத்த அந்த ஜப்பானியக் கப்பல் 376 பேருடன் 1914 மே 23 அன்று வான்கூவர் வந்தது. இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நின்றது. ஏற்கெனவே கனடாவில் வசித்தவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களை இறங்க விடவில்லை. ஜூலை 23 அன்று திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் இறுதியில் கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் கரையேறியபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சுமார் 20 பயணிகள் இறந்தார்கள்.

இதற்கு அடுத்த வருடங்களில் இந்தியர்களுக்கும் பாஸ்போர்ட் கட்டாயமானது. போர்க்கால ஏற்பாடாக வந்தது, போர் முடிந்த பிறகும் போகவில்லை. 1920-ல் இந்தியப் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அதே 1920 அக்டோபரில் சர்வதேச சங்கம் பாரிஸில் ஒரு மாநாடு கூட்டி, பாஸ்போர்ட் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி 32 பக்கப் புத்தகமாக இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. இதெல்லாம் தற்காலிகம், நிலைமை சரியானதும் பழையபடி பாஸ்போர்ட் இல்லாமல் போய்வரலாம் என்ற நம்பிக்கை அந்த மாநாட்டில் இருந்தது. நூறு வருடம் தாண்டியும் அந்தத் தற்காலிகம் நம் பீரோவில் இருக்கிறது.

1987, ஹீத்ரோ

நான் எதிர்பார்க்காத இடத்தில் தமிழர்கள் வந்து நின்றார்கள்.

1980-களின் தொடக்கம் வரை, காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் குறுகிய காலப் பயணமாகப் பிரிட்டன் போக முன்கூட்டி விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டோடு போய் இறங்கி, அங்கே அதிகாரியிடம் காரணம் சொல்லி அனுமதி வாங்கலாம். இன்றைக்கு மலேசியா நமக்குக் கொடுப்பது மாதிரிதான். இந்த ஏற்பாடு முதலில் ரத்தானது இலங்கைக்கு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழர்கள் தப்பி வரத் தொடங்க, 1985 மே மாதம் இலங்கையர்களுக்கு விசா கட்டாயம் என்று பிரிட்டன் அறிவித்தது. காமன்வெல்த் நாடுகளில் இதுவே முதல். 1986-ல் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், கானா, நைஜீரியா ஆகிய நாடுகளும் பட்டியலில் சேர்ந்தன.

காலத்தைக் கவனியுங்கள். ஒரு நாட்டு மக்களுக்குத் தப்பிப் போகும் தேவை வந்த நேரத்தில்தான் அந்த நாட்டுக்கு விசா விதி வருகிறது. சுற்றுலா போகிறவர் விசா கேட்டுக் காத்திருக்கலாம். வீடு எரிந்தவர் எந்தத் தூதரகத்தில் வரிசையில் நிற்பார்? "நான் அகதியாகப் போகிறேன்" என்று சொன்னால் கொடுக்க அப்படியொரு விசாவே இல்லை.

1987 பிப்ரவரியில் அறுபது பேர் அளவில் தமிழர்கள் ஹீத்ரோ வந்து இறங்கித் தஞ்சம் கேட்டார்கள். மறுத்து, விமானத்தில் திருப்பி ஏற்ற முயன்றபோது, ஓடுதளத்திலேயே சட்டையைக் கழற்றி உள்ளாடையோடு நின்றார்கள். பிப்ரவரி மாத லண்டன் குளிரில். அந்தப் புகைப்படங்கள் பத்திரிகைகளில் வந்தன. நீதிமன்றம் தலையிட்டு வெளியேற்றத்தை நிறுத்தியது.

அரசு சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதமே நாடாளுமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. மே மாதம் சட்டமானது. பெயர், பயண நிறுவனங்களின் பொறுப்புச் சட்டம், 1987. சரியான பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் விமானமோ கப்பலோ 1000 பவுண்டு கட்ட வேண்டும். சில வருடத்தில் அது 2000 ஆனது. மசோதா வந்த மார்ச் முதலே கணக்கு ஓடத் தொடங்கும்படி முன்தேதியிட்டு எழுதியிருந்தார்கள்.

படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்தக் கவுண்ட்டர் பெண் சொன்ன "ஃபைனும் போடுவாங்க" என்ற வார்த்தையின் பூர்வீகத்தில் ஹீத்ரோவில் நின்ற அந்த ஆட்களும் இருக்கிறார்கள்.

அதே வருடம் தஞ்சம் கேட்டுக் காவலில் இருந்தவர்களை, பெரும்பாலும் தமிழர்கள், ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலில் வைத்திருந்தார்கள். அக்டோபர் பெரும் புயலில் அது கட்டை அறுத்துக்கொண்டு போய்த் தரைதட்டியது. டிசம்பரில் சிவகுமாரன் வழக்கில், பயம் இருந்தால் மட்டும் போதாது, அதற்கு நியாயமான புறச்சான்று வேண்டும் என்று பிரபுக்கள் சபை அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு 1988-ல் திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களில் ஐந்து பேரின் மேல்முறையீட்டில், அவர்களுக்குத் தஞ்சம் கொடுத்திருக்க வேண்டும் என்று 1989-ல் முடிவானது. அவர்கள் பிரிட்டனுக்குத் திரும்ப முடிந்தது. ஆனால் அவர்களை அனுப்பியது மனித உரிமை மீறலா என்ற கேள்வியில், 1991-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 'இல்லை' என்றது.

தீர்ப்பு எப்படியோ, இவர்கள் நீதிமன்றம் வரை போக முடிந்ததற்குக் காரணம் அவர்கள் முதலில் ஹீத்ரோவில் இறங்கியதுதான். கொழும்பிலோ சென்னையிலோ கவுண்ட்டரிலேயே நிறுத்தப்பட்டவருக்கு வழக்கு இல்லை, வக்கீல் இல்லை, புகைப்படமும் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கை, உயிருக்குப் பயந்து அனுமதியில்லாமல் நுழைந்தவரை அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆளைத் தண்டிக்கவில்லையே, விமான கம்பெனிக்குத்தானே அபராதம் என்று அரசு சொல்லிவிடலாம்.

எல்லோரும் எடுத்துக்கொண்ட வழி

ஐரோப்பிய ஒன்றியம் 2001-ல் இதற்கென்றே ஒரு வழிகாட்டு ஆணை போட்டது. அதிகபட்ச அபராதம் 5000 யூரோவுக்குக் குறையக் கூடாது, அல்லது குறைந்தபட்சம் 3000 யூரோவாக இருக்க வேண்டும். சரி, வெள்ளைக்காரன் அப்படித்தான் என்று சொல்லப்போனால், நம் நாடாளுமன்றமும் 2000-ல் ஒரு சட்டம் போட்டது. தகுந்த ஆவணம் இல்லாதவரை இந்தியாவுக்கு ஏற்றி வந்தால் விமான கம்பெனிக்கு ஒரு லட்சம் ரூபாய். 2025-ல் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்தபோது, 1920 பாஸ்போர்ட் சட்டத்தோடு இதுவும் அதற்குள் போய்ச் சேர்ந்தது. கோமகட்டா மாருவுக்கு நினைவுச் சின்னம் வைத்திருப்பதும் இதே நாடுதான்.

நியாயம் இரு பக்கமும் உண்டு. எந்த நாட்டுக்கும் யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. ஆறு மாதக் கணக்கும் முட்டாள்தனம் அல்ல. வந்தவர் நோயில் படுத்தாலோ, தங்கிவிட்டாலோ, திருப்பி அனுப்பச் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். என் உறுத்தல் விதி மேல் இல்லை. விதியை யார் கையில் கொடுத்தார்கள் என்பதில்தான்.

என் தொழில் வழியாகச் சொன்னால் புரியும். விமான கம்பெனிகள் 'டிமாட்டிக்' என்ற தகவல் தளத்தைப் பயன்படுத்துகின்றன. அவர்களுடைய சர்வதேச சங்கமான ஐயாட்டா நடத்துவது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எப்போது காலாவதி, எங்கே போகிறார் என்று கொடுத்தால் ஏற்றலாமா வேண்டாமா என்று பதில் வரும். நானே இப்படி விதி இயந்திரங்கள் எழுதியிருக்கிறேன். விதிவிலக்கு வந்தால் ஒரு மனிதரிடம் அனுப்பும்படி ஒரு கிளை வைப்போம். இங்கே அந்த மனிதர் கடல் தாண்டி, கோலாலம்பூரில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய்ச் சேரத்தான் விமானம் ஏற வேண்டும்! தவறாக ஏற்றினால் கம்பெனிக்கு நஷ்டம். தவறாக நிறுத்தினால் நஷ்டம் பயணிக்கு. அப்படியானால் இயந்திரம் எந்தப் பக்கம் சாயும்?

இதை மாமாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்கப்பாவையும் கப்பல் போன உடனே ஊருக்குள்ள விடலியாம் மாப்பிள்ளை. எதிர்ல ஒரு தீவுல வச்சிருந்து, காய்ச்சல் இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் விட்டாங்களாம்" என்றார். பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் அப்படி ஒரு தனிமை முகாம் இருந்தது உண்மை. "ஆனா அவரு பினாங்கக் கண்ணால பாத்துட்டாரு, தண்ணிக்கு அந்தப் பக்கம்" என்று சிரித்தார்.

கடைசியாக, விசா இல்லாமல் எங்காவது போகத் திட்டமிடுபவர்களுக்கு. விசா வேண்டாம் என்பது நிபந்தனையே இல்லை என்று அர்த்தமல்ல. திரும்பும் தேதியிலிருந்தல்ல, போய் இறங்கும் தேதியிலிருந்து ஆறு மாதம் எண்ணச் சொல்லும் நாடுகள் நிறைய. ஷெங்கன் நாடுகளில் அது கிளம்பும் தேதியிலிருந்து மூன்று மாதம். காலிப் பக்கம், திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், கைச்செலவுக்குப் பணம், முன்கூட்டி நிரப்ப வேண்டிய ஆன்லைன் அட்டை, இவற்றையும் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். அதைத்தான் நாம் கடைசியில் பார்ப்போம்.

மாமாவின் புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. பத்து வருடம் செல்லும். இப்போது அவருக்கு முழங்கால் வலி. "வலி குறையட்டும், பார்ப்போம்" என்கிறார். டிக்கெட் விலையை நான் வாரம் ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.