லயத்து வீடும் நிலப்பட்டாவும்: பேரா தோட்டங்களின் கைமாற்றத்தில் குடியிருப்பு உரிமை

1. எல்லை

2008 நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் கடனில் மூழ்கிய தனி வீடுகளை முதலீட்டு நிறுவனங்கள் வாங்கிக் குவித்தன. பிளாக்ஸ்டோன் 2012இல் தொடங்கிய இன்விடேஷன் ஹோம்ஸ் அவற்றுள் பெயர்பெற்றது. மலேசியாவில் ஈப்போவின் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், அந்த வணிகம் அவ்வளவு வேர்விடவில்லை. ஆனால் பேராவின் தோட்டப்புறத்தில் குடும்பங்கள் வாழும் வீடு ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போவது நூறாண்டுப் பழக்கம். வீடு வீடாக விலைபேசும் தொல்லையும் அங்கே இல்லை. ரப்பர் மரம், ஆலை, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம் எல்லாம் ஒரே பட்டாவில் அடங்கின. குடியிருந்தவர் விற்பனையில் ஒரு தரப்பே அல்லர்.

2. துண்டாடல்

பெரிய கம்பெனி வாங்கினால்தான் கேடு என்போருக்கு 1950களின் பேராவும் அதன் அண்டை மாநிலங்களும் வேறு பாடம் வைத்திருக்கின்றன. சுதந்திரத்தை ஒட்டி ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். உள்ளூர் முதலீட்டாளர்கள் கூட்டாகச் சேர்ந்து முழுத் தோட்டத்தை வாங்கி, சில ஏக்கர் துண்டுகளாக்கிச் சிறு முதலாளிகளுக்கு விற்றார்கள். மொத்தமாக வாங்கும்போது ஏக்கருக்குக் கொடுத்த விலையைவிடத் துண்டாக விற்கும்போது கிடைத்த விலை அதிகம். இலாபம் முழுதும் அந்த இடைவெளியில்தான் இருந்தது. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பொருளியலாளர் உங்கு அஜிஸ் தனி ஆய்வாகவே எழுதினார்.

துண்டை வாங்கியவர் தம் குடும்பத்தையோ குத்தகை ஆட்களையோ வைத்து மரம் சீவினார். பழைய தொழிலாளிக்கு வேலை போயிற்று. வேலையோடு ஒட்டியிருந்த வீடும் போயிற்று. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பெரிய நிர்வாகத்தோடு கூலி பேசலாம். பத்து ஏக்கர் முதலாளிகள் ஐம்பது பேரோடு அது எப்படிப் பேசும்? ஆக, வாங்கியவர் சிறியவர் என்பதால் குடியிருந்தவர் தப்பவில்லை. அவரைக் காக்கக்கூடிய ஒரே பொருளான தனிப்பட்டா இரு வகை விற்பனையிலும் அவர் கையில் இல்லை.

3. பத்து வெள்ளி

சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களையே வாங்குவது அவர் வழி. முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். துண்டாட வந்தவர்களோடு சந்தையிலேயே போட்டியிட்ட துணிச்சல் அது; அதற்கு இணையான முயற்சி நம் சமூகத்தில் பிறகு எழவில்லை என்பேன். ஆனாலும் கூட்டுறவுப் பங்கு வேறு, வீட்டுப்பட்டா வேறு. ஒருவர் தோட்டத்தின் பங்குதாரராக இருந்துகொண்டே சொந்த வீடற்றவராகவும் இருக்கலாம்.

4. சட்டம் எதை அளந்தது

1966இன் தொழிலாளர் வீட்டுத் தரச் சட்டமும் அதற்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் முதலாளி தரும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்தன. அது யாருடையது என்ற கேள்விக்குள் போகவில்லை. 1980இன் ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகள், ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் ஊதியம் என்று கணக்கிட்டன. 30 ஆண்டு மரம் சீவியவருக்கு 600 நாள் கூலி. அவர் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு அந்தக் கணக்கில் ஒரு வரியும் கிடையாது.

5. செம்பனையும் தாமானும்

1981 செப்டம்பர் 7 அன்று மலேசிய அரசு முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரியைக் கைப்பற்றியது. 2007இல் கத்ரியும் இன்னொரு தோட்டக் கம்பெனியான கோல்டன் ஹோப்பும் சைம் டார்பி குழுமத்தோடு இணைந்தன. முதலாளி நாட்டவரானார், லயத்தின் நிலை அதனால் மாறிவிடவில்லை. 2017இல் சைம் டார்பி பிரிந்தபோது தோட்டத்துக்கு ஒரு கம்பெனியும் வீடமைப்புக்கு ஒரு கம்பெனியும் வந்தன. ரப்பருக்குப் பின் செம்பனை ஏறிய நிலத்தின் அடுத்த பயன் என்னவாக இருக்கலாம் என்பதை அந்தப் பிரிவினையே காட்டுகிறது.

நிலச் சொத்து ஆதாய வரியிலும் இதே போக்குத்தான். ஆறாம் ஆண்டிலிருந்து விற்கும் கம்பெனிக்கு 10 விழுக்காடு. அதே காலத்தில் விற்கும் குடிமகனுக்கு 2022 முதல் வரி இல்லை. விற்பவர் யார், எத்தனை ஆண்டு வைத்திருந்தார் என்று சட்டம் கேட்கிறது. அங்கே குடியிருந்தவர் யார் என்று கேட்பதில்லை.

கேட்க வைக்க ஒரு வாசல் ஏற்கெனவே உண்டு. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு. துண்டாடலைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. அந்த ஒப்புதலோடு, லயம் நிற்கும் மனைகளைத் தனியே அளந்து குடியிருப்போர் பெயரில் பதிந்த பின்னரே மீதி நிலம் கைமாறலாம் என்று ஒரு நிபந்தனை சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, திருத்தம் போதும்.